அசாட்டீக் தீவுக்கு முதல் பயணம்: எந்த வாசல், எந்த மாதம், என்னென்ன எடுத்துப் போவது

அசாட்டீக் தீவுக்கு இரண்டு வாசல்கள். வடக்கு வாசல் மேரிலாந்தில், தெற்கு வாசல் வர்ஜீனியாவில். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையை ஒட்டி 37 மைல் நீளத்துக்குக் கிடக்கும் ஒரே மணல் தீவுதான். ஆனாலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தீவின் மேலேயே காரில் போகச் சாலை இல்லை. வந்த பாலத்திலேயே திரும்பி, உள்நாட்டைச் சுற்றி மறு வாசலுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் தடவை போகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். போனில் தீவின் பெயரை மட்டும் தட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள். கூடாரத்துக்கு இடம் பதிவு செய்தது வடக்கில், வண்டி போய் நிற்பது தெற்கில். ஆகவே எந்த முனை என்று முடிவு செய்வதுதான் முதல் வேலை.

எந்த முனை?

தீவின் பெயர்போன காட்டுக் குதிரைகள் மேரிலாந்துப் பக்கத்தில் வேலியில்லாமல் திரிகின்றன. சாலையோரம், கடற்கரை, வண்டி நிறுத்துமிடம், சில நேரம் உங்கள் கூடாரத்தின் வாசல் என எங்கும் வரும். வர்ஜீனியாப் பக்கத்தில் அவை வேலியிட்ட பெரிய சதுப்பு நிலங்களுக்குள் இருக்கின்றன. அங்கே நடைபாதையிலிருந்து, சாலையோரத்திலிருந்து தூரத்தில்தான் பார்க்க முடியும், பைனாகுலர் வேண்டும். இரண்டு மந்தைகளும் கலந்துவிடாதபடி மாநில எல்லையில் ஒரு வேலி இருக்கிறது.

கூடாரமடித்துத் தங்க வேண்டுமென்றால் வடக்குதான், தெற்கில் தீவுக்குள் இரவு தங்க இடமே கிடையாது. நாயைக் கூட்டிப் போவதென்றாலும் வடக்குதான். வர்ஜீனியாப் பக்கத்தில் நாயைக் காருக்குள் பூட்டி வைத்திருப்பதுகூட விதிமீறல். பறவைகள், கலங்கரை விளக்கம், சைக்கிள், பக்கத்து ஊரில் கட்டிலில் படுத்துத் தூங்கும் சௌகரியம் இவை வேண்டுமானால் தெற்கு. சின்னப் பிள்ளைகளோடு ஒரே நாளில் போய்வரும் குடும்பத்துக்கு நாங்கள் வடக்கைத்தான் சொல்வோம். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிட நினைக்க வேண்டாம், பாதி நாள் காரிலேயே போய்விடும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. தீவை மூன்று நிர்வாகங்கள் பார்த்துக்கொள்கின்றன: தேசியப் பூங்காச் சேவையின் தேசியக் கடற்கரை, மேரிலாந்தின் மாநிலப் பூங்கா, வர்ஜீனியாவில் ஷிங்கோட்டீக் தேசிய வனவிலங்குப் புகலிடம். வடக்குப் பாலத்தில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது மாநிலப் பூங்கா. அதற்குத் தனிக் கட்டணம், தேசியப் பூங்கா அட்டை அங்கே செல்லாது. தேசியக் கடற்கரைக்குப் பாலத்திலிருந்து வலப்பக்கம் திரும்பித் தெற்கே பேபெரி டிரைவ் என்ற சாலையில் போக வேண்டும். அங்கே தனிக் காருக்குக் கட்டணம் 25 டாலர், 7 நாளுக்குச் செல்லும். கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால் கிளம்பும் வாரம் பூங்காவின் தளத்தில் ஒரு தரம் பார்த்துவிடுங்கள். பணம் கட்ட கார்டு கையில் இருக்கட்டும்.

தீவு ஏன் ஒரே இடத்தில் இருப்பதில்லை

இதைத் தெரிந்துகொண்டு போனால், அங்குள்ள முக்கால்வாசி விதிகளுக்குக் காரணம் தானாகவே புரியும். அசாட்டீக் ஒரு தடுப்புத் தீவு. அடியில் பாறை இல்லை, முழுக்க மணல். வடகிழக்குப் புயல் அடிக்கும்போது அலை மணல்மேடுகளை உடைத்துக்கொண்டு தீவின் குறுக்கே பாய்கிறது. கடல் பக்கத்து மணலை வாரி எடுத்து, பின்பக்கம் உள்ள விரிகுடா ஓரத்தில் கொட்டுகிறது. கடல் பக்கம் கரைகிறது, விரிகுடா பக்கம் வளர்கிறது, அதன்மேல் புதிதாகச் சதுப்புப் புல் முளைக்கிறது. இப்படியே தீவு மேற்கே, நிலத்தை நோக்கி உருண்டுகொண்டே வருகிறது.

இதை நீங்களே பார்க்கலாம். ஒரு புயலுக்குப் பிறகு வற்றம் இருக்கும், அதாவது கடல்நீர் இறங்கியிருக்கும் நேரத்தில் கடலோரமாக நடந்தால், மணலுக்கு நடுவே கரும்பழுப்பு நிறத்தில், வேர் நார்களோடு, ரப்பர் போல அமுங்கும் களிமண் திட்டுகள் தென்படும். அது பழைய சதுப்பு நிலம். ஒரு காலத்தில் விரிகுடா பக்கம் இருந்தது. தீவு அதன் மேலேயே ஏறிக் கடந்து போய்விட்டதால், இப்போது கடல் பக்கம் தலைகாட்டுகிறது. பக்கத்திலேயே சாம்பல் நிறமேறிய ஆளிச்சிப்பி ஓடுகளும் கிடக்கும். ஆளி அலையடிக்கும் திறந்த கரையில் வளராது, அமைதியான விரிகுடாவில்தான் வளரும். அந்த ஓடு உங்கள் காலடிக்கு வந்த கதையும் அதேதான்.

வடமுனையில் இந்த நகர்வு வேகமானதற்கு மனிதக் கையும் காரணம். 1933 ஆகஸ்டில் அடித்த புயல், ஓஷன் சிட்டிக்குத் தெற்கே கரையை அறுத்து ஒரு முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது. படகுகளுக்கு வசதி என்று அதை மூடவிடாமல் இரு பக்கமும் கல் தடுப்புகள் கட்டினார்கள், நம் மீனவக் கிராமங்களில் தூண்டில் வளைவு என்போமே, அந்த மாதிரி. கரையோரமாக வடக்கிலிருந்து தெற்கே ஓடிக்கொண்டிருந்த மணல் அங்கேயே தடுக்கப்பட்டது. ஓஷன் சிட்டிக் கரை அகன்றது, அசாட்டீக்கின் வடமுனை மணல் கிடைக்காமல் மெலிந்து மேற்கே வெகுதூரம் பின்வாங்கியது. இன்று முகத்துவாரத்துக்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள கரைகள் ஒரே கோட்டில் இல்லை என்பதை வரைபடத்தில் ஒரு பார்வையிலேயே காணலாம். தடைப்பட்ட மணலை ராணுவப் பொறியாளர் படை 2004 முதல் தோண்டுகப்பல் வைத்து எடுத்துத் தெற்கே கொண்டுபோய்க் கொட்டி வருகிறது.

1962 மார்ச்சில் இன்னொரு புயல். அதற்கு முன்பு தீவில் ஆயிரக்கணக்கான மனைகளைப் பிரித்து விற்று, தார்ச்சாலையும் போட்டிருந்தார்கள். சில நாள் அலையில் எல்லாம் போயிற்று. அதன் பிறகுதான் இது வீடு கட்டும் இடமில்லை என்ற முடிவு வந்து, 1965-ல் தேசியக் கடற்கரையாக அறிவிக்கப்பட்டது. மேரிலாந்துப் பக்கத்தில் மணல்மேட்டு நடைபாதையில் போனால் அந்தச் சாலையின் உடைந்த தார்த் துண்டுகள் மணலுக்குள் இன்னும் கிடக்கின்றன. பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் அங்கே இல்லை.

இதனால் உங்களுக்கு நடைமுறையில் என்ன? போன வருடம் வண்டி நிறுத்திய இடம் இந்த வருடம் இல்லாமல் போகலாம். தெற்குக் கடற்கரையின் வண்டி நிறுத்துமிடங்கள் சிப்பித்தூளும் மணலும் பரப்பியவை, புயலில் அடித்துப் போவதும் மறுபடி பரப்புவதும் வழக்கம். பழைய வரைபடம், பழைய பயணக் குறிப்பு இரண்டையும் நம்பாமல், கிளம்பும் முன்தினம் பூங்காவின் அறிவிப்புப் பக்கத்தைப் பாருங்கள்.

எந்த மாதம்

எங்களைக் கேட்டால் செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் முடிய. கடல்நீர் வெதுவெதுப்பாகவே இருக்கும், கூட்டம் குறைந்திருக்கும், கொசுவும் மெல்ல அடங்கும். அடுத்தது ஏப்ரல் கடைசி. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் குளிக்கலாம், உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள், ஆனால் கொசுவும் கடிக்கும் ஈக்களும் உச்சத்தில் இருக்கும். அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் முதல் நவம்பர் வரை என்பதையும் மனத்தில் வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் தீவைக் காலி செய்துவிடுவார்கள்.

நவம்பர் முதல் குளிர்காலம் முழுக்கப் பறவைக்காரர்களுக்கு. தெற்கிலுள்ள புகலிடம் 1943-ல் உருவானதே வலசை வரும் பனி வாத்துகளுக்காகத்தான். நன்னீர்க் குட்டைகளில் வெள்ளைவெளேரென்று ஆயிரக்கணக்கில் இறங்கி நிற்கும், ஒன்று எழுந்தால் மொத்தமும் எழும்.

ஜூலை கடைசிப் புதன்கிழமையை மட்டும் யோசித்து முடிவு செய்யுங்கள். அன்று வர்ஜீனியா மந்தையைக் கால்வாயில் நீந்தவைத்து ஷிங்கோட்டீக் ஊருக்கு ஓட்டி வருவார்கள், மறுநாள் குட்டிகள் ஏலம் போகும். ஊர்த் தீயணைப்புத் தொண்டர் நிறுவனத்துக்குச் சொந்தமான மந்தை அது. பெரிய குதிரைகளின் எண்ணிக்கை 150-க்கு மேல் போகக்கூடாது என்பது அனுமதியின் நிபந்தனை. ஏலப் பணம் குதிரைகளின் வைத்தியத்துக்கும் தீயணைப்பு வேலைக்கும் போகிறது. ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறுவதும் இறங்குவதும் நின்று, நீரோட்டம் அடங்கியிருக்கும் சிறிது நேரத்தில்தான் குதிரைகளை இறக்குவார்கள் என்பதால் மணி ஒவ்வொரு வருடமும் மாறும். அதைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் தங்குமிடத்தை வெகுமுன்னதாகப் பிடிக்க வேண்டும். வேறு காரணத்துக்காகப் போகிறீர்கள் என்றால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

பதிவும் பாதையும்

வடக்கில் கூடார இடங்களை மார்ச் பாதியிலிருந்து நவம்பர் பாதி வரை கூட்டரசின் பொழுதுபோக்குப் பதிவுத் தளத்தில் ஆறு மாதம் முன்கூட்டிப் பதிவு செய்யலாம். கோடை வார இறுதிகள் திறந்ததுமே தீர்ந்துவிடும், நாட்காட்டியில் குறித்து வைத்து அன்று காலையே உட்கார வேண்டும். கடல் பக்கம், விரிகுடா பக்கம் என இரு வகை. கோடையில் கடல் பக்கத்தையே எடுங்கள், காற்று அடிப்பதால் கொசு குறைவு. விரிகுடா பக்கம் சூரியன் மறைவது அழகுதான், ஆனால் மறைந்த மறுநிமிடம் கொசு மொய்க்கும். கடல் பக்கத்திலும் நடந்து போகும் இடங்கள் என்று சில உண்டு, சாமான்களை வண்டியிலிருந்து கையில் சுமந்து மணலில் போக வேண்டும். மின்சாரம் கிடையாது. ரசாயனக் கழிப்பறை, குளிர்நீர்க் குளியல், குடிநீர்க் குழாய் உண்டு.

வாஷிங்டன் பக்கத்திலிருந்து சுமார் மூன்று மணி நேர ஓட்டம். 50-ம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே போய், ஓஷன் சிட்டிக்குச் சற்று முன்னால் 611-ல் வலப்பக்கம் திரும்ப வேண்டும். கோடை வெள்ளி மாலையும் சனி காலையும் செசபீக் விரிகுடாப் பாலத்தில் வண்டிகள் ஊரும். சனிக்கிழமை காலை 6 மணிக்குள் பாலத்தைக் கடந்துவிடுவது நல்லது. தெற்கு வாசலுக்கு 13-ம் எண் நெடுஞ்சாலையிலிருந்து 175-ல் கிழக்கே திரும்பி, ஷிங்கோட்டீக் ஊரைக் கடந்து போக வேண்டும்.

தேசியக் கடற்கரைக்குள் பெட்ரோலோ சாப்பாட்டுக் கடையோ இல்லை. பாலம் ஏறுவதற்கு முன்பே எல்லாம் வாங்கிவிடுங்கள். அப்படியே பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் பார்வையாளர் மையத்தில் கால்மணி நேரம் நில்லுங்கள். அன்றைக்குக் குதிரைகள் எந்தப் பக்கம் தென்பட்டன, எந்தக் கரை மூடியிருக்கிறது, அலை எப்படி என்று பூங்காக் காவலர்களான ரேஞ்சர்கள் சொல்வார்கள்.

மூட்டை கட்டும்போது

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன். நிழலுக்கு மரமில்லாத கடற்கரை என்பதால் குடை அவசியம். அந்தக் குடைதான் அதிகம் பறப்பதும். கம்பை நேராக மேலோட்டமாகக் குத்தினால் ஒரு காற்றுக்குக்கூட நிற்காது. முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி இரண்டு அடி ஆழம் இறக்கி, குடையின் உச்சி காற்று வரும் திசையைப் பார்க்கும்படி சாய்த்து, அடியில் மணலை மிதித்து இறுக்க வேண்டும்.

கூடாரத்தோடு வரும் ஆறேழு அங்குல முளைகள் மணலில் எதற்கும் உதவாது. மணலுக்கென்று விற்கும் ஒன்றரை அடி நீள முளைகள் வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, கயிற்றை அதில் முடிந்து, ஓரடிக்கு மேல் ஆழமான குழியில் படுக்கவைத்துப் புதைத்து மிதியுங்கள். நல்ல காற்றுக்கும் அசையாது. கூடாரத்தை மணல்மேட்டின் மேலோ சரிவிலோ போடக்கூடாது.

பூச்சிகள் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம், பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இவைதான். மே பாதியிலிருந்து அக்டோபர் வரை கொசு. அதோடு நடுக்கோடையில் பச்சைத்தலை ஈ, துணிக்கு மேலேயே கடிக்கும். கடலிலிருந்து காற்று வீசினால் கடற்கரையில் தொல்லை இருக்காது. மேற்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து வீசினால் சதுப்பு நிலத்து ஈக்களெல்லாம் கடற்கரைக்கு வந்துவிடும். எனவே வானிலை பார்க்கும்போது மழையோடு காற்றுத் திசையையும் பாருங்கள். மேற்குக் காற்று என்று போட்டிருந்தால் அன்றைக்குக் கடற்கரையைக் கைவிட்டு, சைக்கிளோ படகோ என்று மாற்றிக்கொள்ளலாம். டீட் 20 முதல் 30 சதவீதம் உள்ள பூச்சிவிரட்டி மருந்து தோலுக்கு, பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி துணிக்கு. பெர்மெத்ரினைப் பயணத்துக்கு முந்தின நாளே வீட்டுக்கு வெளியில் தெளித்துக் காயவைக்க வேண்டும், தோலில் போடக்கூடாது, வீட்டில் பூனை இருந்தால் துணி காயும்வரை அண்டவிடக்கூடாது. வெளிர் நிற முழுக்கால் சட்டையை காலுறைக்குள் செருகிக்கொண்டால் உண்ணி ஏறுவது கண்ணுக்குத் தெரியும்.

குதிரைகளோடு

40 அடி. ஒரு பள்ளிப் பேருந்தின் நீளம். அதற்குள் நெருங்கக்கூடாது என்பது விதி. குதிரை உங்களை நோக்கி வந்தால் விலகிப் போக வேண்டியவர் நீங்கள்தான். "அதுவாகத்தானே வந்தது" என்பது ரேஞ்சரிடம் செல்லாது. இவை பார்ப்பதற்குச் சாதுவாக, வயிறு உப்பி, பழக்கப்பட்ட மட்டக்குதிரை போல இருக்கும். அந்த உப்பல் கொழுப்பில்லை. உவர்ச் சதுப்பில் விளையும் புல்தான் இவற்றின் முக்கியத் தீனி. அதன் உப்புக்கு ஈடாக மற்ற குதிரைகளைவிட மிக அதிகமாகத் தண்ணீர் குடிக்கின்றன. பழக்கப்பட்டவையும் இல்லை. கடிக்கும், உதைக்கும், அதுவும் எச்சரிக்கையில்லாமல்.

சாப்பாடு கொடுப்பது இவற்றைக் கொல்வதற்குச் சமம் என்று சொன்னால் மிகையில்லை. காரிலிருந்து ஒரு ஆப்பிள் துண்டு கிடைத்த குதிரை மறுநாள் முதல் சாலையோரத்திலேயே நிற்கும், அங்கேதான் வண்டியில் அடிபடுகிறது. 2022-ல் ஓர் ஆண் குதிரையைத் தீவிலிருந்தே பிடித்து டெக்ஸஸில் உள்ள சரணாலயத்துக்கு அனுப்பினார்கள். மனிதர்களின் சாப்பாட்டு ருசி கண்டு, அதற்காக ஆட்களைத் தாக்கும் அளவுக்குப் போய்விட்டது. பிறந்த மந்தையையும் நிலத்தையும் அது இழந்ததற்குக் காரணம் யாரோ நீட்டிய தின்பண்டம்தான்.

ஆகவே கூடார இடத்தில் சாப்பாட்டை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள். எல்லாம் காருக்குள், கண்ணாடியை ஏற்றி. காரில் வைக்க வழியில்லாதவர்கள் கெட்டியான குளிர்பெட்டியைப் பட்டையால் இறுக்கிக் கட்டி வையுங்கள். வெறும் மூடியை இவை மூக்காலேயே திறந்துவிடும். கூடாரத்துக்குள் பிஸ்கட் பொட்டலம் வைத்தால் கூடாரம் கிழியும். சாலையில் நின்று போட்டோ எடுப்பதும் வேண்டாம். ஓரமாக நிறுத்தி, இறங்கி, தூரத்திலிருந்து எடுங்கள். இரவில் கருப்பும் பழுப்புமான குதிரை விளக்கு வெளிச்சத்தில் கடைசி நொடியில்தான் தெரியும். வேக வரம்புக்கும் கீழேயே ஓட்டுங்கள்.

எங்கே தேடுவது என்றால், கோடையின் வெயில் நேரத்தில் ஈக்கடிக்குத் தப்பக் கடலோரத்துக்கு வந்து காற்றில் நிற்கும். மற்ற நேரங்களில் விரிகுடா பக்கத்துச் சதுப்பில் மேயும். பேபெரி டிரைவை ஒட்டிய சைக்கிள் பாதையில் காலையில் மெதுவாகப் போனால் பெரும்பாலும் கண்ணில் படும். மேரிலாந்து மந்தையை நூறுக்குள் வைத்திருக்க, 1994-ல் பெண் குதிரைகளுக்குத் தூரத்திலிருந்து ஊசித் துப்பாக்கியால் கருத்தடை மருந்து செலுத்தத் தொடங்கினார்கள். தீவின் புல்லுக்குத் தாங்கும் அளவு அவ்வளவுதான்.

மணல்மேடும் கடலும்

கடற்கரைக்குப் போக அமைத்த வழிகளில் மட்டுமே மணல்மேட்டைக் கடக்க வேண்டும். நம் கரையில் இராவணன் மீசை செய்யும் வேலையை இங்கே வேறொரு புல் செய்கிறது. வேரால் மணலைப் பிடித்து மேட்டை நிறுத்துகிறது. புயலைத் தாங்கும் இந்தப் புல் மிதிபடுவதைத் தாங்காது. நாலு பேர் ஒரே தடத்தில் ஏறி இறங்கினால் புல் சாகும், அந்த இடத்தில் மணல் பறந்து பள்ளமாகும், அடுத்த புயலில் அலை புகுவது அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான். மேட்டின் பின்பக்கம் மூன்று மூன்று இலையாகப் படரும் நச்சுக்கொடியும் நிறைய, தொட்டால் பல நாள் அரிக்கும். ஒதுங்கி நடக்க இதுவும் ஒரு காரணம்.

மணலில் கயிறு கட்டிப் பலகை நட்டிருந்தால் உள்ளே போகாதீர்கள். குரலெழுப்பும் உப்புக்கொத்தி இனம் ஒன்று திறந்த மணலிலேயே முட்டையிடுகிறது. முட்டை மணல் நிறத்திலேயே, மேலே புள்ளியோடு இருக்கும், மிதிக்கும் வரை தெரியாது. தெற்கில் டாம்ஸ் கோவ் கொக்கி முனை மார்ச் பாதியிலிருந்து ஆகஸ்ட் முடிய இதற்காகவே மூடப்படுகிறது.

குளிப்பவர்கள் உயிர்காப்பாளர் இருக்கும் பகுதியில் மட்டும் இறங்குங்கள். இங்கே இரண்டு ஆபத்து. ஒன்று, கரையிலேயே ஓங்கி உடையும் அலை. முதுகைக் காட்டி நின்றால் தூக்கித் தலைகீழாக மணலில் அறையும், கழுத்தெலும்பு முறிவதும் உண்டு. தலைகீழாகப் பாயவே கூடாது. மற்றொன்று இழுவை நீரோட்டம். அலை உடையாமல், நுரையும் கலங்கலுமாகக் கடலை நோக்கி ஓடும் குறுகலான பட்டை தெரிந்தால் அதுதான். அலையில்லாத இடம் பத்திரமானது என்று நினைத்து அங்கேயே இறங்குவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளியேறிய பிறகு திரும்புங்கள். முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்துங்கள்.

மே, ஜூனில் பௌர்ணமி, அமாவாசை இரவுகளில் விரிகுடா கரையில் குதிரைலாட நண்டுகள் முட்டையிட ஏறும். மல்லாந்து கிடந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், ஓட்டின் பக்கவாட்டைப் பிடித்து மெல்லக் கவிழ்த்துவிடுங்கள். வாலைப் பிடித்துத் தூக்கக்கூடாது, அது தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ள உதவும் உறுப்பு, ஒடிந்துவிடும். கொட்டாது, கடிக்காது, பிள்ளைகள் பயப்பட வேண்டியதில்லை. உயிரில்லாத கிளிஞ்சல் ஆளுக்கு ஒரு கேலன் வரை எடுத்துப் போகலாம். உள்ளே ஏதாவது அசைகிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

மணலில் வண்டி ஓட்ட ஆசைப்படுபவர்களுக்கு: முதல் பயணத்தில் வேண்டாம். அதற்குத் தனி அனுமதிச்சீட்டு வேண்டும். மண்வாரி, இழுவைக் கயிறு, ஜாக்கி, ஜாக்கி அடியில் வைக்கப் பலகை, காற்றழுத்தமானி இவை வண்டியில் இருந்தாக வேண்டும். டயர்க் காற்றைச் சுமார் 15 பிஎஸ்ஐக்கு இறக்குவார்கள், அப்போதுதான் டயர் தட்டையாகி மணலில் அமிழாமல் போகும். காற்றை இறக்காமல் போவது, சிக்கியதும் ஆக்சிலரேட்டரை மிதிப்பது, இந்த இரண்டும் சேர்ந்தால் வண்டி அச்சு வரை இறங்கிவிடும். ஓதம் ஏறிக்கொண்டிருந்தால் பிறகு கடவுள்தான் துணை.

இரவில்

மேரிலாந்துக் கடற்கரையில் ஓத எல்லைக்குக் கீழே தீ மூட்ட அனுமதி உண்டு. வறட்சிக் காலத்தில் தடை வரலாம், கேட்டுக்கொள்ளுங்கள். அணைக்கும்போது தண்ணீர் ஊற்றித்தான் அணைக்க வேண்டும். மணல் போட்டு மூடினால் கங்கு அடியில் மணிக்கணக்காகக் கனன்றுகொண்டிருக்கும். மறுநாள் காலை அந்த வழியாக வெறுங்காலில் ஓடிவரும் குழந்தைக்கு அது தெரியாது. கையை வைத்துப் பார்த்துச் சூடில்லை என்று ஆகும்வரை ஊற்றுங்கள். விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாமல் தீவுக்குப் பக்கத்திலேயே வாங்குங்கள், விறகோடு மரம் தின்னும் பூச்சிகளும் பயணம் செய்கின்றன.

தெற்கு முனையில் ஒரு நாள்

காலையில் சைக்கிளில் வைல்ட்லைஃப் லூப் என்ற 3.2 மைல் சுற்றுப்பாதை. பிற்பகல் 3 மணி வரை அதில் காருக்கு அனுமதியில்லை, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும்தான், அமைதி அப்போதுதான். நாரை, கொக்கு, வாத்து பார்த்துக்கொண்டே ஒன்றரை மணி நேரம் போகலாம். அடுத்து 1.6 மைல் வுட்லண்ட் டிரெயில். பைன் மரங்களுக்கிடையே சாம்பல் நிறத்தில், சாதாரண அணிலைவிடப் பருத்த டெல்மார்வா அணில் தென்படலாம். அருகிவிட்ட இனம் என்ற பட்டியலிலிருந்து 2015-ல்தான் மீண்டது. அதே பாதையில் குதிரைகளைப் பார்க்கும் மேடையும் உண்டு. சாலையோரம் நாயளவு உயரத்தில் மான் நின்றால் அது குட்டியில்லை, ஆசியாவிலிருந்து 1920-களில் கொண்டுவந்து விட்ட சிக்கா மான்.

சிவப்பும் வெள்ளையுமாக 142 அடி உயர்ந்து நிற்கும் கலங்கரை விளக்கம் 1867-ல் ஏற்றப்பட்டது. அன்று அது தீவின் தென்முனையில் இருந்தது. வடக்கிலிருந்து வந்த மணல் அதற்குப் பின் தெற்கே கொக்கி போல வளைந்து வளர்ந்துகொண்டே போனதால், இன்று கலங்கரை விளக்கம் காட்டுக்குள் நிற்கிறது. மேலே ஏறும் நாட்கள் குறைவு, முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்

பாலத்தைக் கடக்கும் முன்பே எல்லோரும் ஒருமுறை உடம்பைச் சோதித்துக்கொள்ளுங்கள்: கணுக்கால், முழங்காலின் பின்மடிப்பு, இடுப்புப் பட்டை, அக்குள், காதுக்குப் பின்புறம், முடிக்குள். உண்ணி கடித்திருந்தால் மெல்லிய முனைச் சாமணத்தால் தோலை ஒட்டி அதன் தலைப்பகுதியைப் பிடித்து நேராக இழுங்கள். திருகுவது, தீக்குச்சி வைப்பது, எண்ணெய் தடவுவது வேண்டாம். தேதியைக் குறித்து வையுங்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோ விரிந்துகொண்டே போகும் சிவந்த வட்டமோ வந்தால் மருத்துவரிடம் அந்தத் தேதியைச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் துணியைத் துவைப்பதற்கு முன் உலர்த்தியில் பத்து நிமிடம் சூட்டில் ஓட்டிவிட்டு, பிறகு துவையுங்கள். தண்ணீரில் பிழைக்கும் உண்ணி வறண்ட சூட்டில் பிழைக்காது.